படத்தின் கீழே எந்தப் பெயர்? அன்றாடப் பொருள்களுக்குப் பெயரிட நான்கு வழிகள்

சேர்வராயன் மலையில், ஏற்காட்டைத் தாண்டி உள்ள ஒரு சிற்றூர்ப் படிப்பகத்துக்காகச் சேலத்து நண்பர்கள் சிலர் சேர்ந்து படச்சொல் அட்டைகளைத் தயாரித்து வருகிறோம். வீட்டிலும் தெருவிலும் பட்டறையிலும் காணும் 60 பொருள்கள். ஓர் அட்டைக்கு ஒரு படம். படத்தின் கீழே ஒரே ஒரு பெயர். இரண்டு பெயர்களை அச்சிட்டால் பிள்ளைகள் எளிதானதைப் படித்துவிட்டு மற்றதைத் தாண்டிப் போய்விடுவார்கள் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை நாங்களே விதித்துக்கொண்டோம். அம்மி, உலக்கை, முறம், குடம், சீமாறு என்று முதற்பாதி ஒரே மாலையில் முடிந்தது. பிரிட்ஜின் படம் மேசைக்கு வந்ததும் வேலை நின்றது. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஐயா குளிர்சாதனப் பெட்டி என்றார். தமிழ் படித்த இளைஞர் குளிர்பதனி என்றார். மலையிலேயே பிறந்து வளர்ந்த நண்பர், வீட்டில் எப்படிச் சொல்கிறார்களோ அப்படியே பிரிட்ஜ் என்று போடுங்கள் என்றார். எங்களில் மூத்தவரான அம்மா ஒருவர், பாலும் தயிரும் கெடாமலிருக்கத் தம் பாட்டி வீட்டில் தொங்கிய உறியின் பெயரையே இதற்கும் கொடுத்தால் என்ன என்று கேட்டார்.

நான்கு பேரும் நான்கு வெவ்வேறு முறைகளில் சொல்லை ஆக்கியிருக்கிறார்கள் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்குப் புலப்பட்டது. ஆசிரியர், தெரிந்த சொற்களைக் கோத்துப் பொருளை விவரிக்கும் தொகைச்சொல்லை நாடினார். இளைஞர் ஓர் அடிச்சொல்லோடு விகுதியைச் சேர்த்துக் கருவிப்பெயர் செய்தார். மலைநண்பர், பொருளோடு வந்த பெயரை அப்படியே ஏற்றார். அம்மா, பயன் குறைந்துபோன பழஞ்சொல்லுக்குப் புதுப்பொருள் தர விரும்பினார். ஜெர்மனும் சீனமும் அரபும் துருக்கியும் இந்த நான்கு வழிகளிலும் நடந்திருக்கின்றன. எந்த வழியை எவ்வளவு நம்பின என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. ஆகவே, எங்கள் அட்டைக்கு ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும் முன், பிற மொழிக்காரர்களின் அடுக்களையை எட்டிப் பார்ப்பது நல்லது என்று தோன்றியது.

இப்படி உட்கார்ந்து சொல் தேடுவது சேலத்துக்குப் புதிய பழக்கமும் இல்லை. 1916இல், சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜி, வெங்கடசுப்பையருடன் சேர்ந்து அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல், தாவரவியல் ஆகியவற்றின் சொற்கள் அவர்கள் கவனத்தில் இருந்தன. அவர்களுடைய பணிக்கும் எங்களுடைய சிறிய பணிக்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். ஆயினும் ஒரு வேறுபாட்டைக் குறித்தாக வேண்டும். வேதியியல் பொருளுக்குப் பெயர் தேடுகிறவர், அதுவரை யாரும் பெயரிட்டுப் பழகாத இடத்தில் நிற்கிறார். அடுக்களைப் பொருளுக்குப் பெயர் தேடுகிறவருக்கோ, அவர் வருவதற்கு முன்பே வீட்டார் வாயில் ஒரு பெயர் குடியேறிவிட்டது. அங்கே புதுச்சொல் வெற்று நிலத்தில் இறங்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் ஒன்றோடு போட்டியிட்டுத்தான் இறங்குகிறது.

முதலில் தொகைச்சொல். இதில் ஜெர்மானியர்களுக்கு இணை சொல்வது கடினம். கையுறைக்கு அவர்கள் வைத்த பெயர் ஹான்ட்ஷூ. கை, காலணி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. தைக்கும்போது ஊசி குத்தாமல் விரலில் மாட்டிக்கொள்ளும் சிறு கூடு அவர்களுக்கு விரல் தொப்பி. பிரிட்ஜ், குளிர் அலமாரி. சீனமும் இதே வழிதான்: பிரிட்ஜுக்குப் பனிக்கட்டிப் பெட்டி, தொலைபேசிக்கு மின்பேச்சு, கணினிக்கு மின்மூளை, மின்தூக்கிக்கு மின்னேணி. ஃபின்னிஷ்காரர்களும் துருக்கியரும்கூட பிரிட்ஜைப் பனிக்கட்டி அலமாரி என்றே அழைக்கிறார்கள். இந்த மொழிகள் எல்லாவற்றிலும் தொகையின் கடைசிச் சொல்தான் தலைச்சொல். அது பொருளின் இனத்தைச் சொல்ல, முன்னால் நிற்பது அதன் சிறப்பைச் சொல்கிறது. தமிழும் அப்படியே. தோசைக்கல் ஒரு வகைக் கல், ஊதுகுழல் ஒரு வகைக் குழல், குத்துவிளக்கு ஒரு வகை விளக்கு.

இந்தக் கடைசிச் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முடிவு முழுவதும் இதைச் சுற்றியே அமைந்தது. ஜெர்மனில் ட்சொய்க் என்று ஒரு சொல் உண்டு. கருவி, சாமான் என்று பொருள் கொள்ளலாம். பறத்தலோடு சேர்ந்தால் விமானம், நெருப்போடு சேர்ந்தால் சிகரெட் லைட்டர், விளையாட்டோடு சேர்ந்தால் பொம்மை, வேலையோடு சேர்ந்தால் பட்டறைக் கருவி. ஜெர்மன் குழந்தைக்கு இவற்றுள் நான்காவது சொல்லை யாரும் தனியாகக் கற்பிக்க வேண்டியதில்லை. மூன்று சொற்கள் தெரிந்தால் நான்காவதன் உருவம் தானே தெரியும். சீனத்தில் ஜி என்ற ஓரெழுத்துச் சொல் இதே வேலையைச் செய்கிறது: பறக்கும் பொறி விமானம், கைப்பொறி செல்பேசி, துணி துவைக்கும் பொறி வாஷிங் மெஷின். தமிழ்ப் பட்டறையில் இதற்கு நிகரானது உளி. மரத்தை இழைப்பது இழைப்புளி. பிற்காலத்தில் திருகாணியைத் திருப்பும் கருவி வந்தபோது யாரோ ஒரு தொழிலாளி அதைத் திருப்புளி என்றார். எந்தக் குழுவும் கூடி ஆக்காத அந்தச் சொல், ஆக்கப்பட்ட எத்தனையோ சொற்களைவிட எனக்கு அழகாகத் தோன்றுகிறது. அதில் விளக்கம் குறைவு. அந்தக் கருவி எதையும் செதுக்குவதில்லை. ஆனால் நீண்ட தண்டும் தட்டையான முனையும் கைப்பிடியும் உளியை நினைவூட்டின. உளி என்ற வால் உயிரோடு இருந்தது. அதன் முன்னே திருப்பு என்ற சொல் ஒட்டிக்கொண்டது.

தொகைச்சொல்லின் குறை இரண்டு. ஒன்று, பொருள் மாறும்போது விவரம் பொய்த்துப் போவது. நீராவி எஞ்சின் ஓய்ந்த பிறகு புகைவண்டி என்ற சொல்லைச் சொல்லத் தமிழர்களுக்குக் கூச்சம் வந்தது; தொடர்வண்டி என்று மாற்றிப் பார்த்தோம்; மக்கள் ரயில் என்றே நிலைத்துவிட்டார்கள். சீனரும் ரயிலைத் தீவண்டி என்றுதான் அழைத்தார்கள்; மின்சாரத்தில் ஓடும் ரயிலையும் இன்றுவரை தீவண்டி என்றே அழைக்கிறார்கள்; தீ எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பெயர் ஒருமுறை பொருளோடு ஒட்டிவிட்டால் உள்ளே இருக்கும் விவரத்தை நாக்கு மறந்துவிடும் என்பதற்குத் தமிழிலேயே நல்ல சான்றுகள் இருக்கின்றன. எண்ணெய் என்றால் எள்ளின் நெய். அந்த உட்பொருள் மறைந்து, பிழியப்படும் எதற்கும் அது பொதுப்பெயரானதால், உண்மையான எள்நெய்க்கு நல்லெண்ணெய் என்று இன்னோர் அடைமொழி தேவைப்பட்டது. மண்ணெண்ணெயில் எள்ளும் இல்லை, நெய்யும் இல்லை. ஆங்கிலத்தின் ஆயில் என்ற சொல்லும் ஆலிவ் மரத்தின் பெயரிலிருந்து கிளைத்து இதே பாதையில் வந்தது. கண்ணாடி இன்னும் வியப்பானது. கண்ணும், பிம்பம் காட்டும் ஆடியும் சேர்ந்த சொல் அது. சீனர்கள் கண், ஆடி என்ற இதே இரண்டு சொற்களைச் சேர்த்து, கண்ணில் அணியும் கண்ணாடிக்குப் பெயர் வைத்தார்கள். தமிழில் கண்ணாடி முகம் பார்ப்பதற்கும், ஜன்னலில் பதிக்கும் பொருளுக்கும் பரவிவிட்டதால், அணிவதற்கு மூக்கு என்பதை முன்னால் ஒட்டி மூக்குக்கண்ணாடி ஆக்கினோம். உட்பொருள் மங்கிய தொகையின் மேல் இன்னொரு தொகை ஏறும். ஆகவே விவரம் பழுதாகிவிடுமே என்ற அச்சம் தொகைச்சொல்லைத் தள்ளிவிடப் போதுமான காரணம் ஆகாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது குறைதான் மெய்யான குறை: நீளம். குளிர்சாதனப் பெட்டிக்கு 10 எழுத்து, பிரிட்ஜுக்கு 4. ஜெர்மன் குளிர் அலமாரியும் சீனப் பனிக்கட்டிப் பெட்டியும் அவரவர் வாயில் இரண்டே அசைப்பில் முடிந்துவிடுகின்றன. நாம் விவரத்தை முழுமையாக்கும் ஆசையில் மூன்று சொற்களைக் கோத்துவிடுகிறோம். நடுவில் நிற்கும் சாதனம் என்ற சொல் பொருளுக்கு எதையும் கூட்டாமல், கேட்பவருக்கு ஓர் அரசு அறிவிப்பின் வாடையை மட்டும் கூட்டுகிறது. துருப்பிடிக்காத எஃகு, மின்னழுத்தச் சீராக்கி போன்றவையும் இந்த வகையே. அவை பாடநூலில் நிற்கலாம். அண்டை வீட்டில் இரவல் கேட்க உதவாது.

அடுத்தது விகுதி. தமிழுக்கு இது மிகப் பெரிய செல்வம் என்பேன். பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி, தேங்காய் துருவுவது துருவி, மூடுவது மூடி, விசிறுவது விசிறி. ஓர் இகரம் சேர்ந்ததும் வினை, கையில் பிடிக்கும் பொருளாகிவிடுகிறது. சேலத்தைச் சுற்றியுள்ள பழைய பாதைகளில் தலைச்சுமை இறக்கி வைக்க நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். கட்டடத்தின் உச்சியில் மின்னலை வாங்கி மண்ணில் இறக்கும் கம்பி வந்தபோது அதே அச்சில் இடிதாங்கி வந்தது. கேட்ட அன்றே புரிந்திருக்கும்.

பிரெஞ்சும் ஸ்பானியமும் இதே வேலையை வேறு வரிசையில் செய்கின்றன. டப்பா திறக்கும் கருவிக்கு ஸ்பானியத்தில் அப்ரெலாத்தாஸ்: திற என்ற வினை முன்னே, டப்பாக்கள் பின்னே. தக்கையைப் பிடுங்கும் திருகுக்குப் பிரெஞ்சில் இழு-தக்கை. அவர்களுடைய வாக்கியத்தில் வினை முன்னும் செயப்படுபொருள் பின்னும் வருவதால் சொல்லுக்குள்ளும் அவ்வாறே அமைகிறது. ஆங்கிலம், தன் வாக்கிய வரிசைக்கு மாறாக, டப்பாவை முன்னும் திறப்பதைப் பின்னும் வைக்கிறது. தமிழில் இந்த முரண் இல்லை. பாக்கை வெட்டு என்று சொல்லும் பிள்ளை, வேற்றுமை உருபை எடுத்துவிட்டு ஓர் இகரத்தைச் சேர்த்தால் கருவியின் பெயர் கிடைத்துவிடுகிறது. வாக்கியத்திலிருந்து சொல்லுக்குப் போகும் பாதை இவ்வளவு நேராக இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விடுவது இழப்பு.

அரபு மொழியில் விகுதிக்குப் பதிலாக வார்ப்பு இருக்கிறது. மூன்று மெய்களைக் கொண்ட வேர் ஒன்றை ஒரு குறிப்பிட்ட உயிரொலி அமைப்பில் ஊற்றுகிறார்கள். திறத்தலைக் குறிக்கும் வேரை மி என்று தொடங்கும் கருவி வார்ப்பில் ஊற்றினால் மிஃப்தாஹ், சாவி. அறுத்தலின் வேரை ஊற்றினால் மின்ஷார், ரம்பம். பெருக்குதலின் வேரை ஊற்றினால் மிக்னஸா, துடைப்பம். நவீனப் பொருள்களுக்கு, நடுமெய்யை இரட்டிக்கும் இன்னொரு வார்ப்பு நன்கு பயன்பட்டது: பனியைக் குறிக்கும் தல்ஜ் என்பதிலிருந்து பிரிட்ஜுக்குத் தல்லாஜா, கழுவுதலிலிருந்து வாஷிங் மெஷினுக்குக் கஸ்ஸாலா. ஃபின்னிஷில் இன் என்ற விகுதி இதே பணியைச் செய்கிறது; திறத்தலோடு சேர்ந்தால் சாவி, பேசுதலோடு சேர்ந்தால் தொலைபேசி. துருக்கியில் கண் என்பதோடு லுக் என்ற விகுதி சேர்ந்தால் மூக்குக்கண்ணாடி. உப்போடு அதே விகுதி சேர்ந்தால் உப்புக்குடுவை.

அப்படியானால் தல்லாஜாவைப் போல் குளிர்பதனியும் வென்றிருக்க வேண்டுமே என்று இளைஞர் கேட்டார். கேள்வி நியாயமானது. தல்ஜ் என்ற சொல் அரபுப் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. தமிழில் பதனிடுதல் தோலுக்கும் மரத்துக்கும் வழங்கும் சொல்லாக ஒதுங்கிவிட்டது. அன்றாடப் பேச்சில் யாரும் பாலைப் பதனிடுவதில்லை. போதாததற்கு, பதநீரைப் பதனி என்று சொல்லும் ஊர்கள் தமிழ்நாட்டில் பல. இகர விகுதிக்குப் பின்னால் உயிருள்ள வினை நின்றால் சொல் தானே நடக்கும். வினை சோர்ந்திருந்தால் விகுதி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. தொலைபேசி நிலைத்ததற்குக் காரணம் அதில் பேசு என்ற வினை இருப்பதே. அந்த வால் பிறகு கைபேசியையும் திறன்பேசியையும் ஈன்றது.

விகுதியே இல்லாமல் வினையை அப்படியே பெயராக்கும் வழக்கமும் நமக்கு உண்டு. பூட்டு, விளக்கு, உருக்கு ஆகியவை அப்படிப் பிறந்தவை. வழியில் சொல்லிவைக்கிறேன், எங்கள் அட்டைகளுள் இப்படிப் பெயரிட வேண்டிய புதுப்பொருள் ஏதும் இல்லை.

மூன்றாவது வழி கடன். தமிழ் அன்பர்கள் சிலர் இதைத் தோல்வியாகக் கருதுகிறார்கள். என்னால் அப்படிக் கருத முடியவில்லை. மேசை, ஜன்னல், அலமாரி, சாவி, பேனா ஆகியவற்றைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்றோம். ஒரே கடன்காரரிடமிருந்து அண்டை வீட்டார் வேறு பொருளை வாங்கியதுதான் சுவையானது. தமிழ் சாவியைக் கடன் வாங்கி, உட்காரும் பொருளுக்கு நாற்காலி என்ற தன் சொல்லை வைத்துக்கொண்டது. மலையாளம் போர்த்துக்கீசிய நாற்காலியைக் கசேர என்று வாங்கி, சாவிக்குத் தாக்கோல் என்ற தன் சொல்லை வைத்துக்கொண்டது. தமிழில் திறவுகோல் இருந்தும் சாவி ஏன் வென்றது, நாற்காலி ஏன் தோற்கவில்லை என்பதற்கு ஒரே விடை சொல்வது எளிதல்ல. ஆனால் நாற்காலியின் கதையில் ஒரு பாடம் உண்டு. நான்கு கால் கட்டிலுக்கும் உண்டு, மேசைக்கும் உண்டு, ஆட்டுக்கும் உண்டு. இருந்தும் அந்தப் பெயர் ஒரே பொருளில் நிலைத்தது. இலக்கணம் இதைக் காரண இடுகுறிப்பெயர் என்று சொல்கிறது. இன்று சக்கர நாற்காலி என்று தயங்காமல் சொல்கிறோம். அதில் கால்களின் இடத்தில் சக்கரங்கள் இருப்பது யாருக்கும் உறுத்தவில்லை.

கடன் சொல்லையும் மொழி தன் வழக்கத்துக்கு வளைத்துக்கொள்ளும். ஜப்பானியர் டெலிவிஷனைத் தெரெபி என்றும் ஏர் கண்டிஷனரை எயாகோன் என்றும் வெட்டிச் சுருக்கினார்கள். நாம் வெட்டுவதைவிட ஒட்டுவதில் தேர்ந்தவர்கள். பஸ்ஸு, பஸ்ஸை, பஸ்ஸில் என்று உகரமும் உருபும் சேர்க்கிறோம். அதைவிட முக்கியமாக, கடன் சொல்லை அடைமொழியாக முன்னே நிறுத்தித் தமிழ்ச்சொல்லை வாலாக வைக்கிறோம். கேஸ் அடுப்பு, டியூப் விளக்கு, பிளாஸ்டிக் குடம், சைக்கிள் கடை. புதுமையை முன்னால் உள்ள அயற்சொல் சொல்கிறது. பொருளின் இனத்தைத் தமிழ் சொல்கிறது. தூய்மை நாடுபவர் இதைக் கலப்படம் என்பார். எனக்கோ, மொழி தன் வீட்டுச் சாவியைத் தன் கையிலேயே வைத்திருப்பதன் அடையாளமாக இது தெரிகிறது.

கடனின் குறை, அது சொல்லின் உள்ளறையைப் பூட்டிவிடுவது. குக்கர், கிரைண்டர், ஹீட்டர் என்ற மூன்றிலும் ஆங்கிலப் பிள்ளைக்குச் சமைத்தலும் அரைத்தலும் சூடாக்கலும் தெரியும். கடைசி ஒலி நம் இகரத்தின் வேலையைச் செய்வதும் தெரியும். மலைப்பிள்ளைக்கு இவை மூன்றும் தொடர்பில்லாத மூன்று ஒலிக்கோவைகள். ஒவ்வொன்றையும் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும்.

இங்கே எவர்சில்வரைப் பற்றிப் பேசாமல் சேலத்துக்காரர் ஒருவர் நகர முடியாது. 1981-82 முதல் இங்கே உருக்காலை இயங்குகிறது. அதன் தகடு துருவேறாத எஃகுத் தகடு. ஆங்கிலம் அதைக் கறைபடாத எஃகு என்று இரு சொல்லால் விவரிக்கிறது. ஜெர்மானியர் மேன்மையான எஃகு என்று பொருள்படும் ஏடல்ஷ்டால் என்ற சொல்லைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் துருவேறாத என்ற நீண்ட அடைமொழியை நறுக்கி இனாக்ஸ் ஆக்கிக்கொண்டார்கள். ரஷ்யப் பேச்சில் இல்லை என்பதும் துருவும் ஒரு விகுதியும் சேர்ந்து நெர்ஷவேய்கா ஆயிற்று. நம் இகர விகுதியால் துருவேறாதி என்று செய்தால் எப்படியிருக்குமோ அப்படி. தமிழ்நாடோ, ஆங்கிலத்தின் இரண்டு சொற்களை எடுத்து, அந்த உலோகத்துக்கு ஆங்கிலத்தில் வழக்கமாக வழங்காத எவர்சில்வர் என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. என்றும் வெள்ளி. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அந்தப் பெயரின் நியாயம் எளிதில் புரியும்: வெள்ளி நாள்பட்டால் கறுக்கும்; புளியோ திருநீறோ போட்டுத் தேய்க்க வேண்டும்; இது கறுப்பதில்லை. பொருள் அயல், சொற்கள் அயல், ஆனால் ஒப்பீடு முழுக்க நம் அடுக்களையுடையது. இதைக் கடன் என்று மட்டும் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. எவர்சில்வர் தட்டு, எவர்சில்வர் குடம், எவர்சில்வர் தூக்கு என்று வரும்போது வாலெல்லாம் தமிழ்தான்.

நான்காவது வழியான பழஞ்சொல்லைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐஸ்லாந்துக்காரர்கள், நூல் என்று பொருள்பட்ட சீமி என்ற மறைந்த சொல்லை எழுப்பித் தொலைபேசிக்குச் சூட்டினார்கள், அது நிலைத்தது. நாம் கணை என்ற அம்பை ஏவுகணையாகவும், கலத்தை விண்கலமாகவும் நீட்டினோம். பழஞ்சொல் தனியாக நிற்காமல் ஓர் அடைமொழியுடன் வந்ததால் இவை குழப்பவில்லை. உறி மட்டும் தனியே வந்தால் குழப்பும், ஏனென்றால் மலையூர்களில் சில வீடுகளில் உறி இன்னும் தொங்குகிறது. சொல் இறந்துவிடவில்லை என்பதே அதைக் கொடுக்க முடியாததற்குக் காரணம் என்று அந்த அம்மாவிடம் சொன்னபோது அவர் மகிழ்ந்தார்.

எல்லாப் பெயருக்கும் விளக்கம் தேவையா என்ற ஐயமும் எனக்கு எழுந்தது. ஏற்காட்டு மழையில் அன்றாடம் தேவைப்படும் குடையை எடுத்துக்கொள்வோம். இத்தாலியிலிருந்து வந்த ஆங்கிலப் பெயருக்குச் சிறு நிழல் என்று பொருள். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது மழை தடுப்பு; ஸ்பானியருக்குத் தண்ணீர் தடுப்பு; ஃபின்னிஷ்காரர்களுக்கு மழைநிழல். துருக்கியருக்கு மழையிலும் அது சூரியனின் பெயரைத் தாங்கியது; சூரியனைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. ரஷ்யர்கள் டச்சு மாலுமிகளின் வெயில்கூரையை ஸோன்திக் என்று வாங்கினார்கள். அதன் கடைசியிலுள்ள இக் தங்கள் மொழியின் சிறுமை விகுதி என்று எண்ணி, அதை நீக்கிப் பெரிய குடைக்கு ஸோன்த் என்று புதிதாக ஒரு சொல்லையே செய்துவிட்டார்கள். நிழல், மழை, தண்ணீர், வெயில் என்று இத்தனை காரணங்களுக்கு நடுவே, பேசுபவர் யாருக்கும் காரணம் தோன்றாத குடை என்ற நம் ஈரெழுத்துச் சொல் எந்தக் குறையுமின்றி நிற்கிறது. ஓலைக்குடை, தாழங்குடை, மடக்குக்குடை என்று பிள்ளைகளும் பெற்றிருக்கிறது. பெயருக்கு உள்விளக்கம் இல்லாவிட்டாலும் வால் இருந்தால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, ஒரு படத்துக்குப் பெயர் தேர்ந்தெடுக்க நான் குழுவில் வைத்த கேள்விகள் இரண்டே. இந்தப் பெயரின் கடைசிச் சொல் அல்லது விகுதி, பிள்ளைக்குத் தெரிந்த வேறு பெயர்களிலும் இருக்கிறதா? வீட்டில் சத்தமாகச் சொன்னால் பாட்டிக்குப் புரியுமா? இரண்டுக்கும் ஆம் என்றால் தொகையோ விகுதியோ, தயங்காமல் அச்சிடலாம். முதலாவதற்கு மட்டும் இல்லை என்றால் கடன் சொல்லே இருக்கட்டும். இரண்டாவதற்கு இல்லை என்றால், எவ்வளவு செம்மையான சொல்லானாலும் இந்த அட்டையில் வேண்டாம். ஆசிரியர் ஐயா இதை முழுதாக ஏற்கவில்லை. பாட்டிக்குப் புரியாததைப் பேரனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் கல்விதானே என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. பாடநூல் அந்த வேலையைச் செய்கிறது. எங்கள் அட்டை, வீட்டில் உள்ள சொல்லைப் படிக்கக் கற்பிக்கும் அட்டை என்பதால்தான் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

பிரிட்ஜுக்குத் திரும்புவோம். ஜெர்மன், சீனம், ஃபின்னிஷ், துருக்கி நான்கும் அதைக் குளிர் அல்லது பனி, பெட்டி அல்லது அலமாரி என்ற இரண்டே உறுப்புகளில் முடித்தன என்பது என் மனத்தில் தங்கியிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் நடுச்சொல்லை எடுத்துவிட்டால் குளிர்பெட்டி. கடைப் பலகைகளில் குளிர்பானம் என்ற சொல்லைப் பிள்ளைகள் நாள்தோறும் படிக்கிறார்கள். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகையாகவே கொள்வதால் இடையில் ஒற்று மிகாது. குளிர்ப்பெட்டி என்று எழுதத் தேவையில்லை. பெட்டி என்ற வால் அஞ்சறைப்பெட்டியிலும் தீப்பெட்டியிலும் பணப்பெட்டியிலும் இருக்கிறது. படிப்பகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, படத்தை மறைத்துச் சொல்லை மட்டும் காட்டிப் பிள்ளைகளை வரையச் சொன்னோம். குளிர்பதனிக்கு ஒரு சிறுமி டம்ளர் வரைந்தாள். குளிர்சாதனப் பெட்டியை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் இரண்டு பையன்கள் களைத்துவிட்டார்கள். குளிர்பெட்டிக்கு ஐந்து பிள்ளைகள் கதவும் பிடியும் வைத்த நெட்டைப் பெட்டி வரைந்தார்கள். அவர்களில் ஒருத்தி, பிரிட்ஜுதானே அண்ணா என்று கேட்டுவிட்டுத்தான் வரைந்தாள்.

மிக்ஸியை மாற்றவில்லை. அரைப்பான் என்று ஒருவர் சொன்னார். அந்த விகுதியில் பிள்ளைக்குத் தெரிந்த அடுக்களைப் பொருள் வேறு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மிக்ஸி எப்படியோ இகரத்தில் முடிந்து, துருவிக்கும் மூடிக்கும் அருகில் உட்கார்ந்துகொண்டது. தட்டின் படத்துக்கு எவர்சில்வர் தட்டு. கேஸ் அடுப்பு அப்படியே. அழிப்பானுக்கு எதிராக ரப்பர் வென்றது. அதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் இரண்டாவது கேள்விக்கு அழிப்பானால் விடை சொல்ல முடியவில்லை. அச்சுக்குப் போகாமல் இன்னும் ஒரே ஓர் அட்டை என் மேசையில் இருக்கிறது. திருப்புளி என்ற சொல்லை இன்றும் எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று சேலத்துப் பட்டறைகளில் கேட்டுவர இளைஞரும் நானும் சனிக்கிழமை போகிறோம். அதுவரை ஸ்குரூ டிரைவரின் படத்துக்குக் கீழே இடம் வெறுமையாகவே இருக்கும்.